படித்து வைத்திருந்த கடல்

நான் திருப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் நாள், என் சொந்த ஊருக்கு எப்படிப் போக வேண்டும் என்று எனக்கே வழி சொன்னவள் அவள். அப்போது அவளுக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். பனியன் கம்பெனி வாசலை ஒட்டிய சின்ன ஆபீஸ் அறையில், அட்டைப்பெட்டிகளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பஜ்ஜி பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

"அக்காவுக்கு எந்த ஊருங்க?"

"தூத்துக்குடி பக்கம்."

காகிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், அப்பறம் உங்க ஊருங்க. சரிங்களா?"

முந்தின நாள் அந்த வழியாகத்தான் நான் பஸ்ஸில் வந்திருந்தேன். வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்ததில் பாதி ஊர்களைக் கவனிக்கவில்லை.

"நீ அங்கெல்லாம் போயிருக்கியா?" என்றேன்.

"இல்லீங்க. அவினாசிக்கு அக்கட்ட நான் போனதே இல்லீங்க" என்றாள், கொஞ்சமும் வருத்தமில்லாமல். "ஆனா, போட்ருக்குதுங்க."

அவளை எப்போது நினைத்தாலும் முதலில் காதில் விழுவது அந்தச் சொல்தான். எங்கோ அச்சில் வந்திருக்கிறது, அதனால் அது உண்மை என்று அர்த்தம். அவளிடம் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கம்பெனி என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிட வேண்டாம். மாடியில் முதலாளியின் வீடு; அவருடைய மகள்தான் அவள். கீழே தகரக் கூரை போட்ட நீளமான ஹாலில் தையல் மெஷின்கள், ஒரு மூலையில் அயர்ன் டேபிள், இன்னொரு மூலையில் பேக்கிங். வெளிநாட்டு ஆர்டர் வாங்கித் தரும் பையிங் ஆபீஸ் ஒன்றின் மூலமாக, வருஷத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர் வரும். பில் போடுவதும், மெயில் அனுப்புவதும், போனை எடுத்து "அண்ணன் இப்பத்தான் வெளிய போனாக" என்று சொல்வதும் என் வேலை. லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்த எனக்கு அந்த ஊரில் பேச்சுத்துணை அந்தப் பெண்தான். காலை முதல் சாயங்காலம் வரை அங்கேயே இருப்பாள். அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

முதலில் ஏதாவது நோயாக இருக்கும் என்று நினைத்தேன். ஏதோ தப்புச் செய்ததால் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று ஹாலில் ஒரு பேச்சு இருந்தது. நடந்ததை அவளுடைய அம்மாவே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். ஜூன் மாதம் புதுப் புத்தகங்கள் கொடுத்தால் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் படித்து முடித்துவிடுவாளாம். அப்புறம் டீச்சர் கதைப்பாடத்தை ஆரம்பித்ததும், "கடைசில அந்த நரி மாட்டிக்குமுங்க டீச்சர்" என்று வகுப்புக்கே சொல்லிவிடுவாள். வெளியே நிற்க வைத்தார்கள். வெளியே நோட்டீஸ் போர்டு இருந்தது. அதைப் படித்தாள். அடுத்த நாள் உள்ளே போய் உட்காரச் சொன்னபோது, "இன்னிக்குப் புது நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க டீச்சர், வெளியவே நின்னுக்கறனுங்களே" என்றாளாம். அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"ஏஞ்சாமி, உனக்கு ஸ்கூல் புடிக்கலையா?" என்று அம்மா கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "புடிக்குதும்மா. ஆனா, வருசம் பூராம் ஒரே புஸ்தகத்தையே படிக்கறாங்க."

அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவர். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பெல்லாம் துணி எடையையும் சம்பளத்தையும் கூட்டுவதில் போய்க்கொண்டிருந்தது. "நானே சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று மகளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். அப்பா, "ஒரு வருசம் பாக்கலாம்" என்றார்.

முதலாளிக்கு எதையும் மறுத்துச் சொல்ல வராது. தள்ளிப் போட மட்டும்தான் தெரியும். பல் வலிக்கு டாக்டரிடம் போவதையும், ஒழுகுகிற தகரத்தை மாற்றுவதையும் "ஷிப்மென்ட் முடியட்டும்" என்பார். ஒரு ஷிப்மென்ட் முடிந்தால் அடுத்தது வந்துவிடும். காங்கேயத்தில் அரிசி மில் வைத்திருந்த அவருடைய அக்கா, வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டுத் திட்டுவார். "புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டுக் கெடுத்துட்டு இருக்கறீங்க. நாளைக்கு யாரு கட்டுவாங்க? யாரு வேலை குடுப்பாங்க?" அந்த அக்காவின் குரல் போனுக்கு வெளியே எனக்கும் கேட்கும். "ஜூன்ல சேத்திரலாங்க்கா" என்பார் முதலாளி. எந்த ஜூன் என்று சொல்ல மாட்டார்.

அவள் படிக்காத காகிதம் அந்தக் கட்டடத்தில் இல்லை. நூல் பெட்டிக்குள் வரும் சீட்டு, மருந்து அட்டை, கரண்ட் பில்லின் பின்பக்கம், சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் வழவழப்பான கேட்டலாக் எல்லாம் அவளுக்குப் புத்தகம்தான். கிளை நூலகத்தில் அவளுக்கும் அம்மாவுக்கும் கார்டு இருந்தது. அது போதாமல் என்னையும் ஒரு கார்டு எடுக்க வைத்து, எனக்கென்று அவளே புத்தகம் தேர்ந்தெடுப்பாள். "அக்காவுக்கு இது புடிக்குமுங்க" என்பாள். அது கலங்கரை விளக்கங்களைப் பற்றிய புத்தகமாக இருக்கும்.

ஆனால், அவளுடைய பெரிய பொக்கிஷம் லேபிள்கள். சட்டையின் பக்கவாட்டில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற துவைக்கும் முறை லேபிள். ஒரே விஷயம் ஆறேழு பாஷைகளில் அச்சாகியிருக்கும். மிச்சம் விழுந்த லேபிள்களைச் சேர்த்து வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 'தண்ணீர்', 'நிழல்', 'கூடாது', 'இஸ்திரி' போன்ற சொற்களை எல்லாப் பாஷையிலும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "எனக்குப் பிரெஞ்சு தெரியுமுங்க்கா. ஆனா, துணி துவைக்கறத மட்டுந்தான் பேச முடியும்" என்பாள்.

கடல் அவளுக்குள் வந்தது அட்டைப்பெட்டி வழியாக. ஏற்றுமதிப் பெட்டியின் மேல் போய்ச்சேர வேண்டிய துறைமுகத்தின் பெயர் கறுப்பு மையில் அடித்திருக்கும். ஹாம்பர்க், ஆன்ட்வெர்ப், ஜெனோவா. நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தப் பெட்டிகள் லாரியில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். "லாரி எங்க போகுதுங்க?" என்று கேட்டால் எல்லாரும் "தூத்துக்குடி" என்பார்கள். அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மாவுக்குத் திருச்செந்தூர் முருகனிடம் ஒரு பழைய வேண்டுதல் பாக்கி. இரண்டையும் சேர்த்து, "எல்லாருமாப் போயிட்டு வரலாம் கண்ணு, பொங்கலுக்கு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் 'நாம கடலுக்குப் போறப்ப' என்று தொடங்காத பேச்சே இல்லை. அவள் கடலைப் படிக்க ஆரம்பித்தாள். கடல் ஓதம் ஏன் ஏறி இறங்குகிறது, கப்பல் ஏன் முழுகுவதில்லை, திமிங்கலம் எப்படி மூச்சு விடுகிறது எல்லாம் பாடமாயின. அம்மாவும் சளைக்கவில்லை. கணக்குப் பாடம் முழுக்கக் கப்பலில் ஏறிவிட்டது. ஒரு பெட்டி இத்தனை நீளம், இத்தனை அகலம் என்றால் ஒரு கன்டெய்னரில் எத்தனை அடுக்கலாம் என்று கேட்டு, மகளைப் பேக்கிங் டேபிளில் டேப் வைத்து அளக்க விடுவார்.

பொங்கலுக்கு அவசர ஆர்டர் வந்தது. பயணம் சித்திரைக்குத் தள்ளிப் போனது. நான் பயந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். "சரிங்கப்பா" என்றாள். என்னிடம் வந்து, "நல்லதாப் போச்சுங்க்கா. நீரோட்டத்தப் பத்தி நான் இன்னும் படிக்கவே இல்ல" என்றாள்.

அந்த வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும். எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் கிடையாது. மெஷின்கள் நின்றதும், நாள் முழுக்க இருந்த இரைச்சல் அடங்கி, தகரக் கூரையில் காக்கா நடப்பது கூடக் கேட்கும். அந்த நேரத்தில் அவள் கட்டிங் டேபிளின் மேல் ஏறி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். கேட்கச் சொல்லி அவள் யாரையும் கூப்பிடவில்லை. மெதுவாக ஒருவர் பின் ஒருவராக நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்கள்.

தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தையல்கார அக்கா இருந்தார். கடலைப் பார்த்ததே இல்லை. எதையும் லேசில் நம்ப மாட்டார்.

"திமிங்கலம் குட்டி போட்டுப் பால் குடுக்குமா? அது மீனுதான பாப்பா? யாருகிட்டக் காது குத்துற?"

"மீனு இல்லீங்க்கா. போட்ருக்குதுங்க."

"எங்க, காமி."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவாள். படத்தில் குட்டித் திமிங்கலம் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். அந்த அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெத்த வயிறுதான், தண்ணிக்குள்ள இருந்தா என்ன" என்றார். அதற்கப்புறம் கரண்ட் வந்தால் கூட, "இரு பாப்பா, அந்தப் பக்கத்த முடிச்சிரு" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலாளி ஹாலுக்குள் வந்தால் யாராவது ஒருவர், "பாப்பாவ எப்பங்க கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

சித்திரையும் போனது. மின்வெட்டால் வேலை பின்தங்கிவிட்டது. இந்தத் தடவை அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க, ஒரு தடவையாச்சும் சொன்ன நாள்ல போயிருக்கறமா? அந்தப் புள்ள சிரிச்சுட்டே சரிங்கறா. அதப் பாத்தாத்தான் எனக்கு வெசனமா இருக்குது." மாடிப்படியில் நின்று அவர் சொன்னது கீழே எல்லாருக்கும் கேட்டது. முதலாளி அன்றைக்கு ஒரு தேதியைச் சொன்னார். கையிலிருக்கும் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் வெள்ளிக்கிழமை ஏறும், சனிக்கிழமை காலையில் கிளம்புகிறோம், மாற்றமே இல்லை. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு வழி காட்ட என்று பேச்சு. வழி யாருக்குத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவள் பையைக் கட்டி வைத்துவிட்டாள். துணிகளுக்கு நடுவில் மூன்று நூலகப் புத்தகங்கள், ஒரு திசைகாட்டி, கிளிஞ்சல் போட ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பெட்டிகளில் முக்கால்வாசி ஒட்டி முடிந்துவிட்டது. காங்கேயத்து அத்தை வழிக்கு முறுக்கும் கடலை உருண்டையும் கொண்டு வந்திருந்தார். கூடவே புது ஸ்கூல் ஒன்றின் விண்ணப்பத்தையும் கொண்டு வந்து என் மேஜையில் வைத்துவிட்டு, தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். பாப்பா பேக்கிங் டேபிளில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு சட்டையைப் புரட்டி லேபிளைப் படித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் பெரிய கிளி பிரிண்ட் போட்ட சட்டை. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு வேறொரு பெட்டியிலிருந்து இன்னொன்று. பிறகு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணெதிரே எழுத்து இருந்தும் படிக்காமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எழுந்து நேரே அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, பிரெஞ்சு வரியில ஒரு வார்த்தை விட்டுப் போச்சுங்க."

"அப்பறம் பேசலாம் அம்மிணி."

"'இஸ்திரி போடக் கூடாது'ன்னு இருக்கோணுமுங்க. 'கூடாது' இல்லாம 'இஸ்திரி போடு'ன்னு இருக்குதுங்கப்பா. எல்லாத்துலயும்."

அத்தை சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடம் போகாத புள்ளைக்குப் பிரெஞ்சு வேற வருதா?"

முதலாளியும் சிரித்தார். ஆனால், அவள் நகரவில்லை. தன் சேகரிப்பிலிருந்து பழைய லேபிள் ஒன்றைக் கொண்டு வந்து புதியதன் பக்கத்தில் வைத்தாள். பழையதில் ஒரு குட்டிச் சொல் இருந்தது. புதியதில் அந்த இடம் காலி. முதலாளியின் சிரிப்பு நின்றது. நான் பையிங் ஆபீஸுக்குப் போன் போட்டு, இரண்டு வரியையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவர்கள் யாரையோ கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் சொன்னது சரி. ஏற்ற வேண்டாம். எல்லாச் சட்டையிலும் லேபிளை மாற்றியே ஆக வேண்டும்.

அதன் அர்த்தம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒட்டிய பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு சட்டைக்கும் பக்கத் தையலைப் பிரித்து, புது லேபிள் வைத்துத் தைத்து, கிளியின் மேல் படாமல் மறுபடி அயர்ன் போட்டு, மறுபடி மடித்துக் கட்ட வேண்டும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் எதை யோசித்திருப்பாள்!

"சொல்லும்போதே தெரியுமா, பயணம் நின்னு போகும்னு?" என்று தனியாகக் கேட்டேன்.

"தெரியுமுங்க."

"பொறவு ஏன் சொன்ன?"

நான் இப்படிக் கேட்டதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "அங்க ஒரு அம்மா அதப் படிச்சுட்டு இஸ்திரி போடுவாங்க இல்லீங்க்கா? கிளி உருகி ஒட்டிக்கும். போட்டிருக்கறத நம்பித்தானுங்க செய்வாங்க."

அவ்வளவுதான். மேலே போய், கட்டி வைத்த பையைப் பிரித்து, துணிகளை எடுத்துப் பீரோவில் திரும்ப அடுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி கீழே வந்து தையல் ஹாலில் சொன்னார். "புள்ள பையப் பிரிச்சுட்டா."

தேனி அக்காதான் முதலில் எழுந்தார். பிரித்த பெட்டியிலிருந்து ஒரு கட்டுச் சட்டையைத் தூக்கித் தன் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார். "லேபிளு எப்பண்ணே வரும்?" என்று முதலாளியைக் கேட்டார்.

"காலைல குடுத்தர்றங்கறாங்க."

"அதுவரைக்கும் தையலப் பிரிச்சு வைப்போம். ஞாயித்துக்கிழமையும் வாரோம். திங்கக்கிழம பாப்பா கெளம்பணும். அடுத்த மாசம் கிடுத்த மாசம்னு சொல்லாதீக, சொல்லிப்புட்டேன்."

ஒரு தையல்காரர் முதலாளியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் தலையாட்டினார். பீகாரிலிருந்து வந்திருந்த அயர்ன் மாஸ்டர், தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர், பக்கத்திலிருந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "பாப்பா சமுந்தர் போகும். நான் சன்டே வரும்" என்றார், கடலுக்கு இந்திச் சொல்லைப் போட்டு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஹால் திருவிழா மாதிரி இருந்தது. அம்மா பெரிய அண்டாவில் தக்காளி சாதம் கிண்டினார். முதலாளி தரையில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் தையல் பிரித்தார். அத்தை ஊருக்குப் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேபிள்களை வெட்டி அடுக்கிக் கொடுத்தார். பாப்பா மட்டும் வேலை செய்யவில்லை. அவளுக்கு அவர்கள் கொடுத்த வேலை சத்தமாகப் படிப்பது. மெஷின் ஓடுகிற இரைச்சலில் கத்திக் கத்திப் படித்து அவள் தொண்டை கட்டிவிட்டது. கரண்டும் அந்த இரண்டு நாள் எங்கள் மேல் இரக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரக்கு லாரி ஏறிற்று.

லாரி போனதும் அத்தை என் மேஜைக்கு வந்து அந்த விண்ணப்பத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் தம்பியைப் பார்த்து. "அப்பறம் பாத்துக்கலாங்க்கா" என்றார் அவரும். தள்ளிப் போடுகிற குணம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது செய்தது என்றால் அது இதுதான். அந்த 'அப்பறம்' வரவே இல்லை. அவள் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதினாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர்களுடைய ஆம்னி வேனில் கிளம்பினோம். தேனி அக்கா வேலைக்கு முன்கூட்டியே வந்து வாசலில் நின்றார். "போயிட்டு வா பாப்பா. அந்தத் தாயையும் குட்டியையும் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு." தாராபுரம் தாண்டிக் காற்றாலைகள் தொடங்கியதிலிருந்து அவள் ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் அந்த ஊரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊரும் சொன்னபடி கேட்டு வந்து நின்றது. மதுரை தாண்டியதும் குரல் தளர்ந்தது. "எட்டயபுரம் வந்ததும் எழுப்புங்க்கா" என்று சொல்லிவிட்டு என் மடியில் சாய்ந்தவளை, தூத்துக்குடி வரும்வரை எழுப்ப எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே போக முன்கூட்டியே பாஸ் வாங்கியிருக்க வேண்டுமாம். முதலாளி அதைப் பற்றி யாரையும் கேட்டிருக்கவில்லை. "எங்க சரக்கு உள்ளதானுங்க இருக்குது. புள்ள ஒரு கப்பலப் பாத்துட்டு வந்துரட்டுங்க" என்று கெஞ்சினார்.

"பாஸ் இல்லாம முடியாது அண்ணாச்சி. நான் என்ன செய்ய?" என்றார் காவலர் தன்மையாகவே.

முதலாளி அங்குமிங்கும் போன் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகம் வெயிலில் வாடிப்போயிருந்தது. இத்தனை நாள் தள்ளிப் போட்டு, இத்தனை பேர் பாடுபட்டுக் கூட்டி வந்து, வாசலோடு திரும்புவதா! "பொக்குனு போச்சு கண்ணு" என்றார், மகளைப் பார்க்காமல்.

அவளோ அதற்குள் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்திருந்தாள். "அவங்க சொல்றது சரிதானுங்கப்பா. போட்ருக்குது" என்றாள். காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதில் சுவருக்கு மேலே கிரேன்களின் தலைகளும், ஒரு கப்பலின் புகைபோக்கியும் தெரிந்தன. வேனின் கதவுப்படியில் ஏறி நின்று அதையே பார்த்தாள். "புகைபோக்கியே இவ்ளோ ஒசரமுன்னா, அடியில எவ்ளோ இருக்குமுங்க!" என்று அவளாகவே மிச்சக் கப்பலைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ மனதுக்குள் ஒரு பயம் இருந்தது. இவள் புத்தகத்திலேயே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டாளோ? இனி எதைக் காட்டினாலும் 'போட்டிருந்தது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாளோ?

திருச்செந்தூரில் அம்மாவின் வேண்டுதல் முடிந்து, கோயிலை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினோம். காற்று பலமாக இருந்தது. மணல் தொடங்குகிற இடத்தில் அவள் சட்டென்று நின்றாள். பிறகு இரண்டடி பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எப்பவுமே இப்படித்தான் கத்துமுங்களா?"

"எது?"

"கடலுங்க."

கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அலை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அறைந்துகொண்டிருந்தது. "ஆமா, எப்பவும்தான். நிறுத்தாது" என்றேன்.

"இவ்ளோ சத்தம்னு எதுலயும் போடலீங்க்கா."

அவள் வாயிலிருந்து 'போடல' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கிட்டே வர மறுத்துவிட்டாள். ஓதம், நீரோட்டம், ஆழம் எல்லாம் தெரிந்த பெண், மணலில் கால் புதைய நின்று, கடலையே பயந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி, "வேண்டாமுன்னா போயரலாம் சாமி" என்று தடவிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் அம்மா, "தலைல ரெண்டு சொட்டுத் தெளிச்சுட்டு வந்தர்றேன்" என்று சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீரருகே போனார். குனிவதற்குள் ஓர் அலை வந்து முழங்காலுக்கு மேல் நனைத்துவிட்டது. அவர் ஓடி வருவார் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே, இரண்டு கையையும் விரித்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கணக்கும் சம்பளமும் பார்க்கிற அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்ததை அந்தக் குடும்பத்தில் யாருமே அறிந்திருக்கவில்லை என்று தோன்றியது. அடுத்த அலைக்கு இன்னும் இரண்டடி உள்ளே போனார்.

மகள் அம்மாவையே பார்த்தாள். பிறகு தோள்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். புத்தகங்களோடு அது கனத்தது. மணலில் அதை வைத்துவிட்டு நானும் கூடப் போனேன். முதல் அலை பாதத்தைத் தொட்டுத் திரும்பும்போது, காலடி மண்ணையும் சேர்த்து இழுத்தது. "மண்ணு ஓடுதுங்க்கா!" என்று அலறி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பிடிச்சுக்கிட்டேன், ஒண்ணும் ஆவாது ஏட்டி" என்றேன். இரண்டாவது அலைக்குக் கட்டிய கை தளர்ந்தது. மூன்றாவது பெரிதாக வந்து அவளைக் குப்புறத் தள்ளியது. நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். தலைமுடி முகமெல்லாம் ஒட்டி, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக, இருமினாள். அழப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் கண்ணை அகல விரித்து, கரையில் நின்ற அப்பாவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"அப்பா! உப்புங்கப்பா! நெசமாலுமே உப்பா இருக்குதுங்க!"

சுற்றி நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு அது ஒன்றும் தெரியவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத சேதியை முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் மாதிரி, ஒரு கை தண்ணீரை அள்ளி மறுபடியும் நக்கிப் பார்த்து, "உப்பு, உப்பு" என்று குதித்தாள்.

முதலாளியின் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்காமல், அணைத்து, கழற்றி வைத்த செருப்புக்குள் போட்டார். பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வெந்நீரில் கால் வைப்பவரைப் போல மெள்ள மெள்ளத் தண்ணீருக்குள் வந்தார். நாற்பது வயதில் அவருக்கும் அதுதான் முதல் கடல். குனிந்து ஒரு விரலை நனைத்து வாயில் வைத்தார்.

"ஏம்புள்ள," என்றார் மனைவியிடம், முகமெல்லாம் மலர, "நெசமாத்தான் சொல்றா!"